அகால சஞ்சாரமும் பெற்றோர் கடமையும்





இரவு பதினொரு மணிக்குப் பின் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். கேட்பதற்கு இது சிறு பொருள் போலத் தோன்றும். ஆனால் நமது ஐதராபாத் நகரில் இதன் பொருட்டுக் காவல்துறை வீதிக்கு வந்தது; உயர்நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது; பின்னர் அவ்வாணையைத் தானே தளர்த்தவும் செய்தது. இத்தனைக்குப் பிறகும் அந்த வினா நம் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதற்குப் பகவன் புத்தர் அருளிய விடை யாது என்பதை நம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் ஆராய்வோம்.

பழைய நகரத்தை அறிந்தோர் ‘சபூத்ரா’ என்னும் சொல்லை அறிவர். தெருவை நோக்கி வீட்டு வாசலில் கட்டிய மேடை அது. நம் ஊர்த் திண்ணைக்கு உறவுடையது. பகலில் முதியோர் அமர்ந்து பேசும் அவ்விடம் இரவில் இளைஞருக்கு உரியதாகிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டில் தென் மண்டலக் காவல்துறையினர், அகாலத்தில் சபூத்ராக்களிலும் தெருமுனைகளிலும் கூடியிருந்த இளைஞரை அழைத்துச் சென்று, பெற்றோரை வரவழைத்து, அறிவுரை கூறி அனுப்பினர். அம்முயற்சிக்குச் சபூத்ராவின் பெயரே வழங்கலாயிற்று. பின்னரும் அது பலமுறை புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த நிகழ்ச்சி அனைவரும் அறிந்தது. 2024 டிசம்பர் 4-ஆம் நாள் இரவு, ஆர்.டி.சி. குறுக்குச் சாலையிலுள்ள சந்தியா திரையரங்கில், ‘புஷ்பா 2’ படத்தின் சிறப்புக் காட்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் ஒரு தாய் உயிர் நீத்தார். அவருடைய சிறுவயது மகன் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தான். அக்குடும்பத்தைக் குறைகூற எமக்கு வாயில்லை. அவர்கள் துயரம் நம் துயரம். இதன் பின்னர், சிறப்புக் காட்சிகள் தொடர்பான வழக்குகளில், தெலங்கானா உயர்நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஓர் இடைக்கால ஆணை இட்டது. 16 வயதுக்கு உட்பட்டவரைக் காலை 11 மணிக்கு முன்பும் இரவு 11 மணிக்குப் பின்பும் திரையரங்குகளில் அனுமதித்தல் கூடாது என்பது அதன் சாரம். திரையரங்கத்தார் முறையிட்டபின், அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டது. பெற்றோர் பலர் முதலில் அதை வரவேற்றனர். பிறகு அதை மறந்தும்விட்டனர். நீதிமன்றம் கதவை அடைத்தால் பிள்ளை வீட்டில் இருப்பான், திறந்தால் வெளியே போவான் என்றால், அவ்வீட்டில் தாய் தந்தையர் எதற்கு இருக்கிறார்கள் அன்பர்களே?

இனித் தம்மத்துக்கு வருவோம். இராஜகிருக நகரத்து வேணுவனத்தில் பகவன் தங்கியிருந்த காலத்தில், சிகாலன் என்னும் இளைஞன் ஈர உடையோடும் ஈரத் தலையோடும் ஆறு திசைகளை வணங்கி நிற்பதைக் கண்டார். தந்தை இறக்கும்போது அவ்வாறு வணங்கச் சொன்னார் என்றான் அவன். பொருள் அறியாமல் தந்தை சொல்லைக் காத்துவந்த அந்த மகனுக்குப் பகவன் இல்லற ஒழுக்கத்தை உபதேசித்தார். செல்வத்தை அழிக்கும் ஆறு வாயில்களை எண்ணிச் சொன்னபோது, மதுவை முதலாவதாகவும், அகாலத்தில் தெருவில் திரிதலை இரண்டாவதாகவும், கூத்து முதலிய காட்சிகளை நாடி அலைதலை மூன்றாவதாகவும் வைத்தார். நம் நகரத்துக் காவலரும் நீதிபதியும் கவலையுற்ற அவ்விரண்டும் ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அடுத்தடுத்து எண்ணப்பட்டிருப்பதைக் காண்க.

அகாலத்தில் திரிபவனுக்கு ஆறு கேடுகள் விளையும் என்றார் பகவன். அவன் தானும் காவலற்றவன் ஆகிறான். அவன் மனைவி மக்கள் காவலற்றவர் ஆகின்றனர். அவன் உடைமை காவலற்றுப் போகிறது. பிறர் செய்த குற்றத்துக்கு அவன் மேல் ஐயம் விழுகிறது. அவனைப் பற்றிப் பொய்ப்பேச்சு எழுகிறது. துன்பங்கள் பல அவனைச் சூழ்கின்றன.

இந்த ஆறில் இரண்டாவதை ஊன்றிப் பாருங்கள். திரிபவன் ஒருவன், காவலற்றுப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் மனைவியும் மக்களும். ஆகவே இவ்வுபதேசம் முதலில் வீட்டுக்குடையவனை நோக்கியே சொல்லப்பட்டது. பிள்ளை ஏன் வீட்டில் இல்லை என்று கேட்பதற்கு முன், தந்தை ஏன் வீட்டில் இல்லை என்று கேட்கிறது தம்மம். பெற்றோர் பிள்ளைக்குச் செய்யவேண்டிய ஐந்து கடமைகளும் அதே உபதேசத்தில் உண்டு: தீமையினின்று தடுத்தல், நன்மையில் நிலைநிறுத்தல், தொழில் கற்பித்தல், தக்க துணையைச் சேர்த்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல். முதற் கடமையாகிய தடுத்தலைச் செய்வதற்குப் பெற்றோர் அருகில் இருக்கவேண்டும் அன்றோ?

இதைப் பிறருக்குச் சொல்ல எமக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதியால் சொல்லவில்லை, பட்ட அனுபவத்தால் சொல்லுகிறோம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நூற்பாலைக்குள் நுழைந்தோம். இருபத்திரண்டு ஆண்டுகள் ரிங் பிரேம் இயந்திரத்தின் முன் நின்றோம். இரவு ஷிப்டில் இழை அறுந்தால் உடனே ஓடி ஒட்டவேண்டும். நாம் கண்ணயர்ந்தாலும் இயந்திரம் நிற்பதில்லை. அது தன்பாட்டுக்குச் சுழல, பஞ்சு கழிவாகப் போய்க்கொண்டே இருக்கும். விடிந்து கழிவை எடை போடும்போதுதான் நாம் எவ்வளவு உறங்கினோம் என்பது தெரியவரும்.

ஆலை மூடியபின் தம்ம நூல்களைத் தாமே கற்று, பிரசங்கப் பணியில் இறங்கினோம். வாரத்தில் நான்கைந்து இரவுகள் செகந்திராபாத்திலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் கூட்டங்கள் இருக்கும். வீடு திரும்ப நள்ளிரவாகும். அக்காலத்தில் எம் மகனுக்கு வயது பதினைந்து. ஓரிரவு, கூட்டம் முடியும் தறுவாயில், காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மூடியிருந்த கடையொன்றின் படியில் நான்கு தோழரோடு உட்கார்ந்திருந்தானாம். குடியில்லை, சூதில்லை, வெறும் பேச்சுத்தான். கக்கத்தில் புத்தகக் கட்டோடு நாம் அங்கே போய் நின்றோம்.

“இந்நேரம் வரை எங்கே இருந்தீர்கள்?” என்று அதிகாரி கேட்டார்.

“பிரசங்கத்தில்” என்றோம்.

“எதைப் பற்றிய பிரசங்கம்?”

“ஒழுக்கத்தைப் பற்றி.”

அவர் சிரிக்கவில்லை. கையொப்பம் வாங்கிக்கொண்டு பையனை அனுப்பிவிட்டார். அவர் சிரித்திருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வழிநெடுக மகனைக் கடிந்துகொண்டே வந்தோம். நெடுநேரம் பேசாமல் வந்தவன், வீட்டை நெருங்கும்போது சொன்னான்: “அப்பா, நீங்கள் வீட்டில் இருக்கும் இரவில் நான் எப்போதாவது வெளியே போனதுண்டா?”

எமக்கு விடை தோன்றவில்லை. உள்ளே அவன் தாய் விளக்கை அணைக்காமல் தனியே உட்கார்ந்திருந்தாள். அம்மாதத்தில் நாம் வீட்டில் உண்டு உறங்கிய இரவுகளை எண்ணிப் பார்த்தோம். ஒரு கை விரல்களே போதுமாயிருந்தன. சிகாலனுக்குச் சொன்ன இரண்டாவது கேட்டை எத்தனையோ மேடைகளில் எடுத்துரைத்திருக்கிறோம். அன்றிரவுதான் அது எமக்காகச் சொல்லப்பட்டது என்று உணர்ந்தோம். நல்ல காரியத்துக்காகத் திரிந்தாலும் அகால சஞ்சாரம் அகால சஞ்சாரமே. அடுத்த வாரம் முதல் எம் பிரசங்கங்களை ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு மாற்றினோம். கூட்டம் குறைந்தது. மகன் வீட்டில் இருந்தான்.

அவ்வாறாயின் கண்டிப்பான விதி ஒன்று போதும், மாலை ஏழு மணிக்குக் கதவை அடைத்துவிடுவோம் என்று சிலர் எண்ணலாம். அவர்கள் இராகுலன் வரலாற்றைக் கேட்கவேண்டும்.

சங்கத்தில் முழுத் துறவு பெறாதவரோடு பிக்குகள் ஒரே அறையில் உறங்கலாகாது என்றொரு விதி ஏற்பட்டது. அது தக்க காரணத்தோடு ஏற்பட்ட விதியே. பகவன் கோசாம்பி நகரத்துப் பதரிகாராமத்தில் தங்கியிருந்தபோது, சிறு சாமணேரனாக இருந்த இராகுலனுக்குப் பிக்குகள் அவ்விதியைக் காட்டி இடம் மறுத்தனர். புத்தர் பெற்ற பிள்ளைக்கு அன்றிரவு தலைசாய்க்க இடமில்லை. போக்கிடம் இல்லாமல் கழிவறைக்குள் சென்று உறங்கினான். விடியற்காலையில் அங்கே வந்த பகவன் இருமினார். உள்ளிருந்து மறு இருமல் கேட்டது. யார் என்றார்; இராகுலன் என்று விடை வந்தது. பகவன் பிள்ளையைக் கடியவில்லை. பிக்குகளைக் கூட்டி, அவ்விதியையே திருத்தினார். இரண்டு மூன்று இரவுகள் அத்தகையோருக்கு உடனிருந்து உறங்க இடம் தரலாம் என்று அனுமதித்தார்.

பிள்ளையைக் காக்கவேண்டிய விதி பிள்ளையை இருளில் தள்ளுமானால், திருத்தப்படவேண்டியது விதியே என்பது இதன் கருத்து. சபூத்ராவில் இருந்து எழுப்பப்படும் பையன் எங்கே போவான்? பத்துக்குப் பத்து அடி அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகள் நம் நகரில் எத்தனையோ உண்டு. சித்திரை வெயிலில் காய்ந்த தகரக் கூரையின் கீழ் நள்ளிரவிலும் படுக்க முடிவதில்லை. அப்பையனுக்கு அந்தச் சபூத்ராவே காற்று வரும் ஒரே இடம். அவனை விரட்டுமுன் அவனுக்குரிய இடத்தைக் காட்டவேண்டும். அத்துடன், குடித்துவிட்டு வந்து அடிக்கும் தந்தையுள்ள வீட்டில் பிள்ளையை அடைத்துவைப்பதைக் காவல் என்று எவரும் சொல்லார்.

வெளிநாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சிறுவருக்கு இரவு நேரத் தடைச்சட்டம் உண்டு. அது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஆராய்ந்த அறிஞர்கள், அத்தடையால் குற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றனர். ஐஸ்லாந்து நாட்டிலும் அத்தகைய சட்டம் உண்டு: குளிர்காலத்தில் 12 வயது வரையுள்ளோர் இரவு 8 மணிக்குப் பின்னும், 13 முதல் 16 வயதுள்ளோர் 10 மணிக்குப் பின்னும் துணையின்றி வெளியே இருத்தல் ஆகாது; கோடையில் இரண்டு மணி நேரம் கூடுதல். ஆனால் அங்கே சட்டம் தனியே நிற்கவில்லை. பெற்றோர் கூடி உடன்படிக்கை செய்துகொண்டனர். வார இறுதி இரவுகளில் தாமே வீதியில் நடந்து பிள்ளைகளை விசாரித்தனர். விளையாட்டுக்கும் இசைக்கும் ஊராட்சிகள் பொருளுதவி செய்தன. அந்நாட்டு இளையோரின் குடிப்பழக்கம் இருபது ஆண்டுகளில் பெரிதும் குறைந்தது உலகம் அறிந்த செய்தி. தடையோடு பெற்றோரின் கால்களும் நடந்ததால் விளைந்த பயன் அது.

நம் நாட்டுச் சட்டமும் பெற்றோரைச் சுட்டுகிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டி உடையவருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பித்தால் அவர் விடுபடலாம். அன்பர்களே, சட்டத்தில் ‘அறியேன்’ என்பது தப்பும் வழி. தம்மத்திலோ அறியாமையே துன்பத்துக்கெல்லாம் வேர். பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதை அறியேன் என்று சொல்லி நீதிமன்றத்தில் தப்பலாம். அவன் தாயின் கண்ணீருக்கு முன் தப்ப இயலுமா?

ஆகவே நம் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். முதலாவது, வீடு திரும்பும் நேரத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி வகுங்கள். அதற்கு முன் உங்கள் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பெண் பிள்ளைக்கு ஏழு மணி என்றும் ஆண் பிள்ளைக்குக் கேள்வியே இல்லை என்றும் இரு நீதி செய்யாதீர்கள்; காவலற்றுத் திரிவதன் கேடு இருவருக்கும் ஒன்றே. மூன்றாவது, உடல் பாயில் கிடக்க மனம் கைப்பேசியில் அலைவதும் அகால சஞ்சாரமே. இரவில் அக்கருவியைப் பெற்றோர் முதலில் கீழே வைக்கட்டும். நான்காவது, காவலாளியாகவோ ஓட்டுநராகவோ செவிலியாகவோ இரவெல்லாம் உழைக்கும் தாய் தந்தையரை எவரும் பழிக்காதீர்கள். அவர்கள் பிள்ளைக்கு அடுத்த வீட்டார் ஒரு வாய் சோறும் ஒரு வெளிச்சமும் கொடுத்துப் பார்த்துக்கொள்வது மேலான தானம். ஐந்தாவது, நேரம் தவறி வந்த பிள்ளைக்கு வாசற் கதவை அடைத்துத் தண்டனை கொடாதீர்கள். முதலில் உள்ளே வரட்டும், உண்ணட்டும், கடிந்துரைப்பது காலையில் ஆகட்டும்.

இன்றிரவு பதினொரு மணிக்கு நம் ஒவ்வொருவரையும் பார்த்து நம் பிள்ளை, “அப்பா எங்கே?” என்று கேட்டால், “இங்கே இருக்கிறேன்” என்ற விடை வீட்டுக்குள்ளிருந்தே எழுவதாக.

சகல உயிர்களும் நலமுற்று வாழ்க!

சாது! சாது! சாது!