மிச்சம் யாருக்கு?

பெரியபுராணம் பாடிய சேக்கிழாருக்குச் சொந்த ஊர், பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூர். அவர் பாடிய அறுபத்துமூவரில் இரண்டு பேர் அதே வட்டாரத்துக்காரர்கள். ஆவடிக்கு மேற்கே திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், கையில் காசில்லாதவர். கூவம் கரைத் திருவேற்காட்டில் வாழ்ந்த மூர்க்கர், இருந்ததையெல்லாம் பிறருக்குச் சோறாக்கிப் போட்டவர். பூந்தமல்லியிலேயே பிறந்து, நந்தவனம் வைத்துப் பூப்பறித்துக் காஞ்சி வரதராசருக்குக் கொண்டுபோன திருக்கச்சி நம்பியையும் சேர்த்துக்கொண்டால் மூன்று பேர். எவ்வளவு இருந்தால் போதும், இல்லாவிட்டால் என்ன செய்வது, மிஞ்சினால் என்ன செய்வது என்பதற்கு மூவரும் மூன்று விதமாக வாழ்ந்து காட்டினார்கள்.

அதே வட்டாரத்தில் இன்று எத்தனையோ குடும்பங்கள் மாதச் சம்பளத்தை வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, பால், தண்ணீர் கேன் என்று பிரித்துப் பிரித்துச் செலவிடுகின்றன. சிக்கனமும் இயற்கையோடு ஒட்டிய வாழ்வும் இந்த வீடுகளுக்குப் புதிய உபதேசம் இல்லை. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகிறது. இரவுச் சோறு தண்ணீரில் ஊறிக் காலையில் பழைய சோறாகிறது. நைந்த பருத்திப் புடவை கைக்குழந்தைக்குத் தூளியாகி, பிறகு கரித்துணியாகவும் உழைக்கிறது. இப்படி வாழ்வது அறமா? அல்லது, பணம் பற்றாதவர்கள் வேறு வழியில்லாமல் செய்வதற்குப் பெரிய பெயர் சூட்டப்படுகிறதா?

கேள்வி நியாயமானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்ப்பவரின் வீட்டில் ஏசி இல்லையென்றால் அது துறவு ஆகாது; வாங்க முடியவில்லை, அவ்வளவுதான். வைத்துக்கொள்ள முடிந்தவர் விடும்போதுதான் விடுவது ஒரு செயலாகிறது. இன்னொரு பக்கம், இயற்கை வாழ்வே விலை கூடிய சரக்காகிவிட்டது. மரச்செக்கு எண்ணெய் ரீஃபைண்ட் எண்ணெயைவிட விலை அதிகம். கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் பொன்னி அரிசியைவிட விலை அதிகம். உழவருக்கும் செக்கு ஆட்டுபவருக்கும் அந்த விலை கிடைப்பது நல்லதே. ஆனால் எளிமையாக வாழ்வதற்கே வசதி வேண்டும் என்றாகிவிட்டால், எளிமை ஓர் அந்தஸ்தாக மாறிவிடும்.

பூசலார் கதை உதவுவது இந்த இடத்தில்தான். அதை வறுமையைப் புகழும் கதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. சிவனுக்குக் கோயில் கட்ட நினைத்த பூசலார் முதலில் செய்தது பொருள் தேடியதுதான். எங்கும் கிடைக்கவில்லை, வருந்தினார். அதன் பிறகே மனத்துக்குள் கட்டத் தொடங்கினார். அந்தக் கட்டுமானம் எப்படி நடந்தது என்பதைச் சேக்கிழார் ஒவ்வொரு படியாகச் சொல்கிறார். வேண்டிய பொருள்களும் தச்சர்களும் மனத்தால் சேர்க்கப்படுகிறார்கள். நல்ல நாள் பார்த்து வேலை தொடங்குகிறது. இரவிலும் கண் துஞ்சாமல் பணி நடக்கிறது. விமானம் எழுகிறது, சுதை வேலை முடிகிறது, மதில், கிணறு, குளம் என்று ஒன்றும் விடுபடவில்லை.

அவர் குடமுழுக்குக்குக் குறித்த அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னனும் தான் எழுப்பிய கற்றளிக்கு நாள் குறித்திருந்தான். அது எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயில் என்பது பொதுவான கருத்து. சிவன் கனவில் வந்து, அன்று தாம் திருநின்றவூரில் அன்பன் கட்டிய ஆலயத்துக்குப் போவதாகச் சொல்லி, மன்னனை வேறு நாள் பார்க்கச் சொன்னார். தேடி வந்த மன்னனுக்கு அந்தக் கோயிலைக் காட்ட ஊரில் ஒருவராலும் முடியவில்லை. இன்று அங்கே இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது.

ஏழையின் மனக்கோயிலும் மன்னனின் கற்கோயிலும் சமம் என்று கதையை முடித்துவிடலாம். அதைவிட நுட்பமான ஒன்றும் அதில் இருக்கிறது. பணமில்லை என்பதற்காகப் பூசலார் வேலையில் ஒரு படியையும் குறைக்கவில்லை. காசு இல்லாத இடத்தைக் கவனத்தால் நிரப்பினார். எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எங்கிருந்து வர வேண்டும் என்று ஒவ்வொன்றையும் மனத்தால் தொட்டுப் பார்த்தார். பற்றாக்குறை அவராகத் தேர்ந்துகொண்டது இல்லை; கவனம் அவராகத் தேர்ந்துகொண்டது. கட்டாயத்தில் பிறந்த சிக்கனத்திலும் அறத்துக்கு இடமுண்டு என்றால், அந்த இடம் இதுதான்.

இந்த வட்டாரத்து வழிபாட்டில் அந்தக் கவனம் ஊறியிருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு அம்பத்தூர், ஆவடி கடைத்தெருக்களில் களிமண்ணை அச்சில் அழுத்திப் பிள்ளையார் எடுத்துத் தருவார்கள். கூட வாங்கும் அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் காலி மனைகளில் தானாக முளைப்பவை. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சந்நிதிக்கு முன் நிற்கும் இரண்டு தூண்களும் வெள்ளெருக்கு என்பது கோயில் மரபு. ஆடி மாதம் அம்மன் கோயில்தோறும் கேழ்வரகுக் கூழும் வேப்பிலையும். வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டால் எறும்புக்கும் தீனி. சாமிக்கு உகந்தவை என்று மக்கள் தேர்ந்துகொண்டவற்றில் பலவும் மலிவானவை, உள்ளூரில் கிடைப்பவை, மண்ணுக்கே திரும்புபவை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், களிமண் பிள்ளையாரை விடாத வீடுகளுக்குப் புதிய செய்தி இல்லை.

ஆனால் விலை குறைவு என்பது மட்டுமே ஒரு பொருளை நல்லதாக்கிவிடாது. இதைக் கணக்காயரின் கண்ணோடு பார்த்தவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயராகப் பயிற்சி பெற்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, பிறகு காந்தியோடு கிராமத் தொழில்களுக்கு உழைத்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறைப்பட்டு ஜபல்பூரில் இருந்தபோது அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. மற்றொன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. இரண்டையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. ஒரு பொருளை வாங்குபவருக்கு, அது உண்டாக்கப்பட்ட விதத்திலும் பொறுப்பு உண்டு என்பது அவருடைய உறுதியான கருத்து.

அந்தப் பார்வையில் வீட்டுக் கணக்கைத் திருப்பிப் பார்த்தால் பல மலிவுகள் மலிவாக இருப்பதில்லை. மளிகைக் கடையில் சும்மா கொடுத்த கேரி பேக்குக்கு ஏரி விலை கொடுக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு தரும் மஞ்சள் துணிப்பையைத் துவைத்துத் துவைத்து மீண்டும் எடுத்துப்போவதற்குச் செலவே இல்லை. இங்கே வீட்டின் சிக்கனமும் கொரட்டூர் ஏரியின் நலனும் ஒரே பக்கம் நிற்கின்றன.

மழைநீர் இன்னும் தெளிவான உதாரணம். 2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019 கோடையில் புழல் ஏரியும் செம்பரம்பாக்கமும் வறண்டு, குடங்களோடு மக்கள் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தபோது, பராமரிக்காமல் விட்ட குழாய்களின் அருமை பலருக்குப் புரிந்தது. ஐப்பசி மழைக்கு முன்பு மொட்டைமாடியைக் கூட்டி, குழாய் அடைப்பை எடுத்து, வடிகட்டும் குழியின் மணலையும் ஜல்லியையும் கழுவிப் போட அரை நாள் வேலை. இறங்கும் தண்ணீர் காம்பவுண்டுச் சுவரோடு நிற்காது. பக்கத்து வீட்டுப் போர்வெல்லுக்கும் போகும்.

சிக்கனத்தைப் பேசும் எவரும் ஒன்றை மறந்துவிடக் கூடாது: வறுமை புனிதமானது இல்லை. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 2016 மே மாதத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. வயிறு நிறைந்த பிறகுதான் ‘போதும்’ என்று ஒருவரால் மனதாரச் சொல்ல முடியும். எவரும் அதற்குக் கீழே விழாதபடி தாங்குவது அரசின் கடமை, சமூகத்தின் கடமை. அதற்கு மேல் எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை ஒவ்வொரு வீடும் தானே தீர்மானிக்கலாம்.

நிறுத்திக்கொண்ட பிறகு மிஞ்சுவது யாருக்கு? மூர்க்க நாயனார் கதை நேராக இந்தக் கேள்விக்குள் நுழைகிறது. நாள்தோறும் அடியார்களுக்கு அமுது படைத்துவிட்டே அவர் உண்டார். சொத்து கரைந்தது, நிலத்தை விற்றார். பிறகு, முன்பு கற்றிருந்த சூதாட்டத்தை எடுத்தார். உள்ளூரில் அவரோடு ஆட ஆளில்லாமல் போக, ஊர் ஊராகப் போய்க் குடந்தையை அடைந்தார். ஆட்டத்தில் மறுத்தவர்கள் மேல் கத்தியையும் உருவினார். இந்த வழி சரியா என்று கேட்கத்தான் வேண்டும். தோற்றவன் வீட்டிலும் பசித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவரைப் பின்பற்றச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் சேக்கிழார் ஒரு விவரத்தை விடாமல் சொல்கிறார். வென்ற பொருளை மூர்க்கர் தமக்கென்று தொடவில்லை. அது நேரே சமையல்காரர்களிடம் போனது. எல்லோரும் உண்ட பின், கடைப்பந்தியில் அவர் உட்கார்ந்தார்.

வள்ளுவர் இவ்வளவு தூரம் போகவில்லை. வரவு சிறிதானாலும் செலவு பெருகாவிட்டால் கேடில்லை என்று அவர் சொல்வது பொருட்பாலில், வலியறிதல் அதிகாரத்தில். தன்னிடம் இருப்பதை எடைபோடாமல் செய்யும் உதவி செல்வத்தை விரைவில் அழித்துவிடும் என்ற எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில்தான். ஒப்புரவறிதலையும் ஈகையையும் அவர் அறத்துப்பாலில், அதுவும் இல்லறவியலில் வைத்தார். அளந்து செலவிடுவது பொருளின் பாடம். அளந்து மிஞ்சியதைப் பகிர்வது அறத்தின் பாடம். ஜகாத் கணக்கும் இப்படித்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓர் ஆண்டு முழுவதும் கையில் நின்ற சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்பது இஸ்லாத்தின் விதி. கஞ்சரும் சிக்கனக்காரரும் ஒரே கடையில் ஒரே பொருளை ஒரே விலைக்கு வாங்கலாம். மிச்சப்பட்ட பத்து ரூபாய் எங்கே போகிறது என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

பத்து ரூபாய்கூட மிஞ்சாத வீடுகளும் உண்டு. அவற்றுக்குத் திருக்கச்சி நம்பி ஒரு வழி காட்டியிருக்கிறார். தோட்டத்தில் பூத்ததைக் கொடுத்தார். சந்நிதியில் நின்று விசிறி வீசித் தம் கையுழைப்பைக் கொடுத்தார். அண்டை வீட்டு மூதாட்டிக்கு ரேஷன் வாங்கி வருவதும், வெள்ளத்தில் பக்கத்துத் தெருவுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்படியில் நிற்பதும் அந்த வகைத் தொண்டு.

ஆகவே சிக்கனம் தன்னளவில் அறம் இல்லை. அறத்துக்கு அது வழிவிடுகிறது. அந்த வழி திறக்கும் இடம் சமையலறைதான் என்று நடைமுறையில் காட்டியவர்கள் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி வீடுதோறும் தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கச் சொன்னார். மிசோரமில் திருச்சபைப் பெண்கள் இதே பழக்கத்தை 1910 முதல் கடைப்பிடிக்கிறார்கள். சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசி தனியே போகிறது.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதைத் தொடங்க யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தாலும், ஒரு வீட்டில் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சேரும். 40 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் அது 60 கிலோ. தனியே வாழும் முதியவர்கள், வேலை நின்றுபோன வெளிமாநிலத் தொழிலாளர்கள், கணவனை இழந்து பிள்ளைகளோடு தவிக்கும் பெண்கள் என்று பக்கத்திலேயே தேவை இருக்கிறது. இந்த மாதம் மளிகை வந்ததும் ஒரு காலி டப்பாவை அரிசித் தூக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். நாளைக்கு உலை வைக்கும் முன் முதல் பிடியை அதில் போடுங்கள்.