உங்களுக்கும் ஒரு மணி நேரம்

ஆபீஸுக்கு உழைக்கிறீர்கள். வீட்டுக்கு உழைக்கிறீர்கள். உங்களுக்கு? 'அதெல்லாம் சுயநலம் சார்' என்பீர்கள்.

1915. டார்டனெல்ஸ் படையெடுப்பு சொதப்பி, சர்ச்சிலின் கடற்படை அமைச்சர் பதவி பறிபோனது. வயது 40. மனுஷர் நொறுங்கிப் போனார். அந்தக் கோடையில்தான் தூரிகையைத் தொட்டார். அப்புறம் விடவில்லை, சுமார் 500 ஓவியங்கள்! களைத்த மனசுக்கு ஓய்வு என்பது சும்மா கிடப்பதல்ல, அதன் வேறொரு பகுதிக்கு வேலை கொடுப்பது என்பது அவர் கட்சி. வாஸ்தவம்தான். சும்மா படுத்தால் கவலையும் பக்கத்தில் படுத்துக்கொள்ளும்.

வரவே இல்லாத கணக்கில் எத்தனை நாள் பற்று எழுதுவீர்கள்? வற்றிப்போனவர் வீட்டுக்குக் கொண்டுவருவது எரிச்சலைத்தான். எனவே இது சுயநலமில்லை.

ஒரே கண்டிஷன். நீங்கள் வீணையோ செஸ்ஸோ பழகும் அந்த நேரத்தில், இன்னொருத்தர் கூடுதலாக அடுப்படியில் நிற்கக் கூடாது. அவருக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கடைசியாக எப்போது கேட்டீர்கள்?