குறையுள்ள வீட்டை மறைத்து விற்கலாமா?

நம்மவர்களில் பலர் இன்று சென்னை போன்ற நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாட்டு வாங்கிக் குடியேறி வருகிறார்கள். வளைகுடா நாடுகளில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணம் அது; வீட்டுப் பெண்களின் நகையும் அதில் சேர்ந்திருக்கும். சாவி கைக்கு வந்த இரண்டாவது மழையிலேயே சுவரில் விரிசல் காண்கிறது, குளியலறைப் பக்கம் ஓதம் ஏறுகிறது. கட்டித் தந்தவருக்குக் கடிதம் எழுதினால் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டால் 'ஆள் அனுப்புகிறோம்' என்கிறார்கள். ஆள் வருவதில்லை.

அப்படிப்பட்டவர் செய்வது மோசடி என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. நாம் இங்கு ஆராய விரும்புவது ஏமாந்தவரைப் பற்றி. அலுத்துப்போன வீட்டுக்காரர், கோடைக்காலமாகப் பார்த்து, சுவரைப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து விற்றுவிடலாம் என்று எண்ணுகிறார். 'குறை நான் செய்ததன்று. நானும் தெரியாமல்தான் வாங்கினேன். நட்டத்தை நான் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்?' என்கிறார். கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட செய்தி நாம் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அவர் பொய் சொல்லவில்லை. தானியத்தை நனைத்ததும் அவரல்லர். ஆயினும் ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். குறை எப்படி வந்தது என்பது வேறு, அதை மறைத்தது யார் என்பது வேறு. நமது வீட்டுக்காரரின் வாதம் இந்த இடத்தில்தான் உடைகிறது.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்லாமல் மறதியாக விற்றுவிட்டார். இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அது மறதி. பட்டி பார்ப்பது மறதியில் சேராது!

அதற்காகக் கட்டித் தந்தவரைச் சும்மா விட்டுவிடுவதா? கூடாது. பொறுமை என்பது வாய்மூடி இருப்பதன்று. குறை கண்டவுடன் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். குறையை ஏற்றுக்கொண்டதாகக் காட்டும் செயலால் திருப்பித் தரும் உரிமை போய்விடும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை 30 நாட்களுக்குள் செலவு கேட்காமல் சரிசெய்து தருவது கட்டியவரின் கடமை. தவறினால் நட்டஈடு கேட்கலாம். ஆகவே பேச்சோடு நில்லாமல் தேதியிட்டு எழுதி, ஒப்புகை பெறும்படி விரைவுத் தபாலில் அனுப்புவதே முறை.

இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். 28-6-2014 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் போயின. எல்லா விரிசலும் அப்படி முடிவதில்லை; ஆனால் எந்த விரிசல் எப்படி முடியும் என்று விற்பவருக்கும் தெரியாது. வாங்கி வருபவரோ பிள்ளைகுட்டிகளுடன் அதற்கடியில் படுத்துறங்கப் போகிறவர்.

சில குடியிருப்புகளின் சங்கக் கூட்டத்தில், 'வெளியே பேசாதீர்கள், விலை விழுந்துவிடும்' என்று தீர்மானித்துக் கொள்கிறார்களாம். ஐம்பது பேர் கூடிக் கைதூக்கினாலும் ஹராம் ஹலாலாகிவிடாது. விற்க நேர்ந்தால் ஓதம் ஏறிய சுவரை அழைத்துச் சென்று காட்ட வேண்டும். பழுது பார்க்க ஆகும் தொகையை விலையில் கழிக்க வேண்டும். கட்டியவருக்கு எழுதிய கடிதங்களின் நகல்களையும் பத்திரத்தோடு கொடுத்துவிட வேண்டும். அச்சட்டம் பின்னர் விலைக்கு வாங்கியவரையும் ஒதுக்கீடு பெற்றவராகவே கொள்கிறது. 5 ஆண்டுத் தவணை மீதியிருந்தால் அவரும் அதே கட்டடக்காரரிடம் உரிமை கேட்கலாம்.