அறிந்து இழத்தல்: சூதும் நிகழ்தகவும் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒருவன் ஏமாற்றப்படாமலும் வற்புறுத்தப்படாமலும், விளைவை முன்னரே அறிந்துகொண்டு தன் பொருளை இழப்பானாயின் அவ்விழப்புக்கு அவனே பொறுப்பாளி என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்தாகும். அறிவும் இசைவும் உள்ளவிடத்து அநீதி இல்லை என்பதே இதன் உட்கிடக்கை. இக்கருத்து எத்துணை தூரம் பொருந்தும் என்பதைச் சோதித்தற்குக் கசினோவின் சீட்டு மேசை தக்கதோர் இடமாகும். ஏனெனில், அங்கு விதிகள் யாவும் வெளிப்படையானவை. இலாபநட்டமோ எண்ணாற் கணிக்கத்தக்கது.

மூன்று சீட்டுப் போக்கர் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1990களில் டெரெக் வெப் என்ற பிரித்தானியர் உருவாக்கிய இவ்வாட்டத்தில், ஆடுபவர் ஏனைய ஆட்டக்காரருடன் அன்றிச் சூதாட்ட நிலையத்துடனேயே போட்டியிடுகின்றார். அவர் முதலில் ஒரு தொகையைப் பந்தயமாக வைப்பார். பின்னர் அவருக்கும் சீட்டுப் பகிர்பவருக்கும் மும்மூன்று சீட்டுக்கள் வழங்கப்படும். தம் சீட்டைக் கண்டபின் பந்தயத்தைக் கைவிட்டு விலகலாம். அன்றேல் அதே அளவு தொகையை மேலும் வைத்துத் தொடரலாம். பகிர்பவரிடம் இராணியோ அதற்கு மேற்பட்டதோ இல்லையெனின் முதற்பந்தயத்திற்கு மட்டும் பரிசு கிடைக்கும். இரண்டாவது தொகை அவ்வாறே திரும்பிவரும். இருப்பின், உயர்ந்த சீட்டுக்களை உடையவர் வெல்வார்.

இவ்விதிகளைக் கற்க அரைமணி நேரம் போதும். கணிதம் தரும் அறிவுரையும் எளியதே: இராணி, ஆறு, நான்கு என்ற சேர்க்கையோ அதனினும் உயர்ந்ததோ இருப்பின் தொடர்க, இன்றேல் விலகுக. சீட்டைப் பாராது எப்பொழுதும் தொடர்பவர் முதற்பந்தயத்தில் சராசரியாக 7.65 சதவீதத்தை இழப்பார். மேற்கூறிய நெறிப்படி ஆடுபவரின் இழப்போ 3.37 சதவீதமாகும். கல்வி இழப்பைப் பாதிக்கும் குறைவாக்கிவிடுகின்றது. ஆயின் எவ்வளவு கற்றாலும் அது இலாபமாக மாறுவதில்லை. அறிவு இங்கு இழப்பின் அளவை மாற்றுகின்றதேயன்றி அதன் திசையை மாற்றுவதில்லை.

விதி வெளிப்படையாக இருத்தலும் அது விளங்கியிருத்தலும் ஒன்றல்ல என்பதும் கருதற்பாலது. இதே ஆட்டத்தில் சோடியும் அதற்கு மேற்பட்ட சேர்க்கைகளும் வரும் என நம்பி வைக்கும் தனிப்பந்தயமொன்று உண்டு. 52 சீட்டுக்களிலிருந்து மூன்றை 22,100 வகையாக எடுக்கலாம். அவற்றுள் 16,440 வகைகளில் சோடிகூட அமைவதில்லை. வரிசையாக அமையாது ஓரினமாக மட்டும் அமைபவை 1,096. ஏனைய பரிசுகள் 40, 30, 6, 1 மடங்குகளாக இருக்க, ஓரினச் சேர்க்கைக்கு 4 மடங்கு கொடுத்தால் நிலையத்தின் ஆதாயம் 2.32 சதவீதம். அதனை 3 மடங்காக்கினால் ஆதாயம் 7.28 சதவீதமாகின்றது. ஓர் எண் மாறியதே வேறுபாடு. எதுவும் மறைக்கப்படவில்லை. ஆயினும் அதன் பொருள் எத்தனை பேருக்குப் புலப்படும்?

அனைத்தையும் கணித்தறிந்த ஒருவர் மேசைக்கு வருகின்றார் எனக் கொள்வோம். அவருக்கும் நிலையத்துக்கும் அறிவு சமமே. எனினும் அவர்களது நிலை சமமன்று. 1713இல் வெளிவந்த யாக்கோபு பேணூலியின் நூல் நிறுவிய பேரெண் விதியின்படி, முயற்சிகள் பெருகப் பெருக விளைவின் சராசரி கணித்த பெறுமானத்தை நெருங்கும். இலட்சக்கணக்கான ஆட்டங்களை நடத்தும் நிலையத்துக்கு 3.37 என்பது ஏறத்தாழ நிச்சயமான வருமானம். ஓரிரவு ஆடுபவருக்கோ அது அன்றைய இன்பத்தையோ துன்பத்தையோ முன்னறிவிக்காத வெறும் சராசரி. ஒரே எண் ஒருவருக்கு வருமானமாகவும் மற்றவருக்கு நம்பிக்கைக்கு இடந்தரும் ஐயமாகவும் நிற்கின்றது. அந்த ஐயமே அங்கு விற்கப்படும் பண்டம்.

நம் மரபு இச்சிக்கலை அறியாததன்று. மகாபாரதத்தில் நளன் நாட்டை இழந்த பின்னரே இருதுபன்னனிடம் சூதின் நுட்பத்தைக் கற்கின்றான். அக்கதையைக் கேட்கும் தருமனும் நாடிழந்து வனத்தில் இருக்கையிலேயே முனிவரிடம் அவ்வித்தையைப் பெறுகின்றான். ஆயின் தருமனை வீழ்த்தியது வித்தையின்மை மட்டுமன்று. எழுந்து செல்ல இயலாமையுமாகும். ஆட்டத்தைப் பற்றிய அறிவு வேறு, ஆடும் தன்னைப் பற்றிய அறிவு வேறு. நிகழ்தகவுக் கணிதம் முன்னையதைத் தரும், பின்னையதைத் தராது.

இவ்வேறுபாட்டின் சமூக விளைவை மேற்கூறிய வெப்பின் பிற்கால வாழ்வு விளக்குகின்றது. பிரித்தானியப் பந்தயக் கடைகளில் இருந்த மின்னியந்திரங்களுக்கு எதிரான இயக்கத்துக்கு அவர் பொருளுதவி செய்தார். அவ்வியந்திரங்களில் ஆடப்பட்ட ரூலெற்றில் நிலையத்தின் ஆதாயம் 2.7 சதவீதமே, அஃதாவது அவரது சொந்த ஆட்டத்தினும் குறைவு. ஆயின் 20 செக்கனுக்கு ஒருமுறை, 100 பவுண் வரை பந்தயம் வைக்கலாம். உச்சத் தொகையுடன் இடைவிடாது ஆடுபவர் மணிக்கு 18,000 பவுணைப் பந்தயமாக வைத்து, சராசரியாக ஏறத்தாழ 486 பவுணை இழப்பார். 2019 ஏப்பிரல் 1 முதல் உச்சப் பந்தயம் 2 பவுணாகக் குறைக்கப்பட்டது. விதியும் நிகழ்தகவும் மாறவில்லை. மாறியது, சிந்திக்க அவகாசமின்றி ஒருவன் இழக்கக்கூடிய அளவு.

ஆகவே அறிந்து இழந்தவனுக்குப் பொறுப்பே இல்லை எனல் பொருந்தாது. நாடக அரங்கின் நுழைவுக் கட்டணம்போலத் தன் பொழுதுபோக்குக்கு இவ்வளவு விலை என வரையறுத்து, அதனைக் கொடுத்து எழுந்து செல்பவர் தம் சுதந்திரத்தையே பயன்படுத்துகின்றார். ஆயின் அவர் இசைந்தார் என்பதால், விதியை வகுத்தவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. எழுந்து செல்லும் ஆற்றலைக் குலைக்குமாறு அமைக்கப்பட்ட ஆட்டத்தில், பிறழாத கணக்கும் வெளிப்படையான விதியும் நீதிக்குச் சான்றாகமாட்டா. கற்க வேண்டிய இறுதிக் கணக்கு சீட்டுக் கட்டினுள் இல்லை. எப்பொழுது எழுவது என்பதை ஆட்டம் தொடங்குமுன்னரே தீர்மானித்தலில் உள்ளது. அத்தீர்மானத்துக்கு இடமளிக்கும் கடப்பாடு மேசையை அமைத்தவருக்கும் உண்டு.