ஒற்றைப் பிரதி

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ் ஏறும் கல்லூரி மாணவரைக் கேட்டால், "ப்ராஜெக்ட் லேப்டாப்புல இருக்கு, பென் டிரைவ்லயும் இருக்கு" என்பார். இரண்டும் இருப்பது ஒரே பையில். பை தொலைந்தால் இரண்டும் போச்சு. இந்தப் பக்கத்து விவசாயி விதைநெல்லைச் சாப்பாட்டு நெல்லோடு சேர்த்துக் கொட்டி வைப்பதில்லை.

எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981 ஜூன் தொடக்கத்தில் அங்குள்ள பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சு நூல்களில் பலவற்றை வேறு ஊர்களில் தேடிப் பிடிக்க முடிந்தது. வேறெங்கும் படியெடுக்கப்படாத கையெழுத்துச் சுவடிகளுக்கு அந்த வாய்ப்பே இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்துவருவதன் அருமை இதை நினைக்கும்போதுதான் புரிகிறது.

இப்படி இழக்காமலிருக்கக் கணினித் துறையில் சொல்லும் கணக்கு எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், பிரதிகளில் ஒன்று வேறு இடத்தில். 'கூகுள் டிரைவில் தானாக ஏறிவிடுகிறதே' என்பது பாதி நிம்மதிதான். சிங்க் ஆகும் கோப்பை இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் கிடக்கும். கல்லூரி கொடுத்த கணக்கோ படிப்பு முடிந்ததும் மூடப்படலாம்.

ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதை வீட்டு அலமாரியிலேயே விட்டுச் செல்லுங்கள். நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். வைவாவுக்கு முந்தைய இரவில்தான் பலரும் அதை முதல்முறையாகத் திறக்கிறார்கள்.