தேயிலைச் சரிவில் கேமரா

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் போகும் மலைச்சாலையில் வருகிறது கோலா தெர்லா. சாலையோரம் காய்கறிக்கும் பூவுக்கும் போட்ட பிளாஸ்டிக் கூரைகள். சுற்றுவட்டாரத்தில் தேயிலைச் சரிவுகள். தொலைக்காட்சியின் தேயிலை விளம்பரங்களுக்குப் பிடித்தவை இத்தகைய சரிவுகள்தான். மூடுபனி, முதுகில் கூடை சுமந்த பெண், விரல்நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், கடைசியில் ஆவி பறக்கும் கோப்பை. அரை நிமிடத்துக்குள் பார்ப்பவர் நாக்கில் ருசி ஊறிவிடுகிறது.

இவ்வளவு அழகாகக் காட்டுவது தப்பா?

இந்தக் கேள்வி தொலைக்காட்சியைவிட மூத்தது. பேசில் ரைட் 1934இல் இயக்கிய 'சாங் ஆஃப் சிலோன்' இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியத்துக்காக எடுக்கப்பட்ட படம். மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்றது. அதன் ஒரு பகுதியில், திரையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்க, காதில் சந்தை நிலவரமும் வணிகச் செய்திகளும் விழும். தேயிலை விற்கக் கொடுத்த காசில், வணிகத்தின் குரலையே தள்ளி நின்று கேட்கவைத்தார் ரைட்.

மலேசியாவிலும் அப்படி ஒருவர் இருந்தார். இயக்குநர் யாஸ்மின் அகமது பெட்ரோனாஸ் எண்ணெய் நிறுவனத்துக்கு எடுத்த பண்டிகை விளம்பரங்களைச் சிறுகதைகள் என்றே சொல்லலாம். ஒரு சீனச் சிறுவன் மலாய்ச் சிறுமிமேல் வைத்த பிரியத்தைச் சொல்லும் 2007ஆம் ஆண்டுப் படத்துக்கு மறு வருடம் கான் விளம்பர விழாவில் தங்கச் சிங்க விருது கிடைத்தது. பெட்ரோல் வாங்குங்கள் என்ற பேச்சே அதில் இல்லை.

ஆகவே காசு வாங்கியதால் கலை கெட்டுப்போகும் என்பது சரியான வாதமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது.

கேமரன் மலையில் கொழுந்து பறிக்கும் முறை மாறி வெகுநாளாயிற்று. பை பொருத்திய கத்தரியால் வெட்டுகிறார்கள். சில சரிவுகளில் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரம் ஓடுகிறது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல பட்டணத்துக்குப் போய்விட்டன. வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் இன்று நிரையில் நிற்கிறார்கள். விளம்பரத்தில் மட்டும் விரல்கள் இன்னும் கிள்ளிக்கொண்டிருக்கின்றன.

விளம்பரம் எதையும் கூட்டிச் சொல்லும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். சிரிக்கும் பசுவைப் பார்த்துப் பால் வாங்கியவர் யாரும் ஏமாந்ததாகப் புகார் சொல்வதில்லை. கொழுந்து கிள்ளும் பெண்ணின் படம் அந்த வகையில் சேராது. இந்தத் தூள் இப்படித்தான் உண்டாகிறது என்று அது வாய் திறக்காமல் சாட்சி சொல்கிறது. பார்ப்பவரும் நம்பிக் காசு கொடுக்கிறார். சாட்சி என்று வந்தபின் உண்மை சொல்லும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது. சம்பளச் சீட்டைத் திரையில் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. வேலை செய்பவரை அழித்துவிட்டு அவர் வேலையை மட்டும் அழகாக்கி விற்பதுதான் அநீதி.

கத்தரி பிடித்த வங்காளதேச இளைஞனையும் அதே மூடுபனியில் நிறுத்திப் படம் எடுக்கலாம். அதனால் கலை குறைந்துவிடாது. கத்தரி இலையை வெட்டும் சத்தமும் கேட்க நன்றாகத்தான் இருக்கும்.