கிணறு அவருடையது, ஊற்று?

மேகம் பட்டா பார்த்துப் பொழிவதில்லை. வருசநாட்டு மலைமீது விழும் மழைத்துளி, கீழே இருப்பது எவர் தோட்டம், எவர் தரிசு என்று கேட்டுக்கொண்டு உருண்டு வருவதுமில்லை. பள்ளம் கண்ட பக்கம் பாய்கிறது. பாய்ந்த இடத்தில் மண்ணுக்குள் புகுகிறது. அதுவரை அது இயற்கையின் செல்வம். எவரோ ஒருவர் கிணற்றிலே ஊறியதும் அவருடைய தனிச் சொத்தாகிவிடுகிறதே, அந்த மாயம் எப்படி நிகழ்கிறது?

தேனி மாவட்டத்திலே இந்தக் கேள்விக்கு உயிர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கிற்கு, மேற்கே ஓடிய ஆற்றை மறித்து 1895 முதல் கிழக்கே திருப்பிவிடும் முல்லைப் பெரியாறு அணை இருக்கிறது. 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி வாழ்கிறது. ஆண்டிபட்டி, கடமலைக்குண்டுப் பக்கத்து மேட்டு நிலத்திற்கோ வானம்தான் அணை. 1959இல் எழுந்த வைகை அணை அருகிலேயே நிற்கிறது. அதன் நீரோ கீழ்நோக்கி மதுரைக்கும் அதற்கு அப்பாலும் செல்கிறது.

இத்தகைய வறண்ட ஊர்களுக்காகவே நீர்வடிப்பகுதித் திட்டம் வந்தது. செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. ஒரே ஓடையில் வடியும் நிலத்தை, ஏறக்குறைய 500 எக்டேரை, ஓர் அலகாகக் கொள்வர். முகட்டிலிருந்து வேலை தொடங்கும். சரிவிலே அகழிகள், ஓடைகளிலே கல் தடுப்புகள், கீழே தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை. ஓட்டம் குறைந்த நீர் மண்ணுக்குள் இறங்கும். மண்ணும் அரித்துப் போகாமல் தங்கும். பூகோளப் பாடத்தில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டுவதும் இதையே. படம் அழகாகத்தான் இருக்கும். அம்புக்குறிகள் எல்லாம் கீழ்நோக்கிப் போகும். அவை போய்ச் சேரும் கிணறு எவருடையது என்பது மட்டும் பாடத்தில் வராது!

அகழி வெட்டுபவர் எவர்? பெரும்பாலும் நிலமற்ற கூலித் தோழர். அவர் வீட்டுப் பெண்கள். வெட்டிய நாளுக்குக் கூலி கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்பர். கிணறு ஊறியவருக்கோ கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. ஒரு போகம் இரண்டாகும், புஞ்சை தோட்டமாகும், நிலத்தின் விலை ஏறும். பொதுப்பணம் மேட்டிலே விதைக்கப்பட்டு, பள்ளத்திலே தனியார் கையால் அறுக்கப்படுகிறது. சட்டமும் அவர் பக்கமே. தன் நிலத்தின் கீழுள்ள நீரைத் திரட்டிக்கொள்ளும் உரிமையை, வெள்ளையர் காலத்து 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் நிலக்காரருக்கே தந்தது.

கிணற்றுக்காரரைக் கயவர் என்று நான் கூறவில்லை. கடன் வாங்கி வெட்டியவர். பாறை கண்டு பதறியவர். தம் நிலத்தில் நடக்கும் திட்ட வேலைக்கு 10 விழுக்காடு, சிறு விவசாயியானால் 5 விழுக்காடு, பங்குத்தொகை கட்டுபவர். "வெட்டியவன் நான், கடன்பட்டவன் நான், நீர் மட்டும் ஊருக்கா?" என்று அவர் கேட்டால், அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவர் வெட்டியது குழி. அதை நிரப்பியது மலைச்சரிவிலே ஊரார் செய்த வேலை. குழிக்கு அவர் உரிமை கொண்டாடட்டும். நிரம்பியதிலே ஒரு பங்கு ஊருக்குக் கேட்பது பறிப்பாகுமா? பெரியாற்று நீரை மதகிலே அளந்து, முறை வைத்து விடுகிறோம். அது அக்கிரமம் என்று எவரும் கூறுவதில்லையே!

நடவாத காரியம் என்பர் சிலர். நடந்திருக்கிறது. மராட்டியத்திலே, புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டத்தில், 1972ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின் விலாஸ்ராவ் சாளுங்கே என்பவர் பானி பஞ்சாயத்து என்ற நீர் மன்றத்தைத் தொடங்கினார். அங்கே நீர், நிலத்தை அளந்து பங்கிடப்படவில்லை. தலையை எண்ணிப் பங்கிடப்பட்டது. தலைக்கு அரை ஏக்கருக்கான நீர். குடும்பத்திற்கு மிகுந்தால் 2.5 ஏக்கருக்கு. நிலமற்றவருக்கும் பங்கு. நீரை விழுங்கும் கரும்புக்கு இடமில்லை.

நம் திட்டத்திலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. நீர்வடிப்பகுதிக் குழுவில் பாதிப் பேர் மகளிர், நிலமற்றோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், சுயஉதவிக் குழுவினர், பயனாளர் குழுவினர் ஆகியோரின் சார்பாளராக இருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுப் பொது நெறிமுறைகள் கூறின. பதிவேட்டில் கைநாட்டு வாங்குவதற்கா அந்த இடம்? வரைபடம் விரிக்கப்படும் முதற் கூட்டத்திலேயே அவர்கள் எழுந்து கேட்கட்டும்: ஊறப்போகும் நீரில் எங்கள் பங்கு எவ்வளவு? ஆடுமாடு குடிக்க எந்தக் கிணறு? குத்தகைக் காணியிலே காய்கறி பயிரிட வாரத்தில் எத்தனை நாள் நீர்? பதில் தீர்மானமாக எழுதப்பட்ட பிறகு முதற்கல் வைக்கப்படட்டும். தடுப்பணை நிறைந்த பிறகு கேட்டால், மோட்டார் இரைச்சலிலே அந்தக் குரல் எவர் காதிலும் விழாது.